குட்பை: ஒரு சொல்லுக்குள் மறைந்திருக்கும் செபம்



ஆங்கிலம் படிக்காதவர்களும் நாள்தோறும் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'பை'. பள்ளிக்குப் போகும் குழந்தை சொல்கிறது. தொலைபேசியை வைக்கும் முன் பெரியவர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் மகனிடம் தாய் சொல்கிறாள். 'குட்பை' என்ற முழுச் சொல்லையோ நாம் இன்னொரு பொருளிலும் பயன்படுத்துகிறோம். ஒருவர் வேலையை விட்டால் 'வேலைக்குக் குட்பை சொல்லிவிட்டார்' என்கிறோம். குடிப்பழக்கத்தை விட்டவரும் அதற்குக் 'குட்பை' சொன்னதாகவே சொல்கிறார். கைவிடுவது, முடித்துக்கொள்வது, இனி வேண்டாம் என்பது போன்ற பொருள் அதற்கு வந்துவிட்டது.

ஆனால் இச்சொல்லின் பிறப்பைத் தேடிச் சென்றால் இதற்கு நேர்மாறான ஒரு பொருளைக் காண்கிறோம். அது கைவிடும் சொல் அல்ல, கையளிக்கும் சொல். இன்னும் சரியாகச் சொன்னால், அது ஒரு செபம்.

சொல் பிறந்த கதை

'காட் பி வித் யீ' என்பது பழைய ஆங்கில வழக்கு. 'கடவுள் உங்களோடு இருப்பாராக' என்பது அதன் பொருள். 'யீ' என்பது இன்றைய 'யூ' என்ற சொல்லின் பழைய வடிவம். பலரிடம் பேசும்போதும், ஒருவரையே மரியாதையுடன் அழைக்கும்போதும் அது பயன்பட்டது. நம் 'நீங்கள்' போல. இங்கிலாந்து மக்கள் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பிரியும் வேளையில் இவ்வாறு ஒருவரை ஒருவர் வாழ்த்தி வந்தனர்.

அடிக்கடி சொல்லும் சொற்கள் தேய்வது இயல்பு. 'போய்விட்டு வருகிறேன்' என்பது நம் வாயில் 'போயிட்டு வர்றேன்' ஆகி, பிறகு வெறும் 'வர்றேன்' ஆகிவிடவில்லையா? அதுபோலவே அந்த ஆங்கில வாழ்த்தும் தேய்ந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் கேப்ரியல் ஹார்வி 1573-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில், அந்த முழு வாக்கியமும் 'காட்ப்வை' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கியிருப்பதைப் பார்க்கிறோம். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய அச்சுப் பதிப்புகளில் இது 'காட் பை யூ' என்ற வடிவில் வருகிறது. அங்கே 'பை' என்பதை, 'வாங்கு' என்று பொருள்படும் சொல்லின் எழுத்துகளிலேயே அச்சிட்டார்கள். ஒலி மட்டும் நிலைத்து, பொருள் மறையத் தொடங்கியதை இது காட்டுகிறது.

'காட்' எப்படிக் 'குட்' ஆனது? 'குட் டே', 'குட் ஈவினிங்' போன்ற வாழ்த்துகள் மக்கள் நாவில் ஏற்கெனவே பழகியிருந்தன. அவற்றின் சாயலில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'காட்பை' 'குட்பை' ஆனது. கடவுளைக் குறிக்கும் 'காட்', நல்லது என்னும் 'குட்' ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மறையுரைகளில் சில வேளைகளில் சொல்லக் கேட்கிறோம். கேட்க இனிமையாக இருந்தாலும் அது உண்மையல்ல. இரண்டும் வெவ்வேறு வேர் கொண்டவை. எனவே 'குட்பை'யில் உள்ள 'குட்', 'குட் மார்னிங்'கில் உள்ள 'குட்' அல்ல. கடவுளின் பெயர் இருந்த இடத்தில் அது வந்து அமர்ந்திருக்கிறது.

பிறகு அதுவும் சுருங்கி 'பை' ஆனது. 'கடவுள் உங்களோடு இருப்பாராக' என்ற வாழ்த்திலிருந்து கடவுளின் பெயரும் போய், 'பை' என்ற ஒற்றை ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது. குழந்தைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் 'டாட்டா'வும் இங்கிலாந்தில் குழந்தைகளுடன் கொஞ்சிப் பேசும் பேச்சில் பிறந்ததுதான். பலர் நினைப்பதுபோல் அதற்கும் அந்தப் பெயர் கொண்ட தொழில் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை.

பிரிவுச் சொற்கள் மூன்று வகை

உலக மொழிகளில் பிரியும்போது சொல்லும் சொற்கள் பல. அவற்றில் நமக்கு அறிமுகமானவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, நலம் வேண்டுவது. ஆங்கிலத்தில் 'ஃபேர்வெல்' என்கிறோம். இதில் உள்ள 'ஃபேர்' என்பதற்குப் பயணம் செய் என்பது பழைய பொருள். பேருந்துக் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆக, 'ஃபேர்வெல்' என்றால் 'நல்லபடியாகப் பயணம் செய்' என்று பொருள். இலத்தீன் மொழியில் 'வாலே', அதாவது 'நலமாக இரு' என்றார்கள். கருத்தரங்குகளின் நிறைவு விழாவை அழைப்பிதழ்களில் 'வேலிடிக்டரி' என்று அச்சிடுகிறோமே, அது இந்த 'வாலே' என்ற சொல்லிலிருந்து வந்தது.

இரண்டாம் வகை, மீண்டும் சந்திப்போம் என்பது. இத்தாலியரின் 'அர்ரிவெதேர்ச்சி', பிரெஞ்சு மக்களின் 'ஓ ருவ்வார்', ஜெர்மானியரின் 'அவுஃப் வீடர்சேன்' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நம் தமிழும் இங்கேதான் நிற்கிறது. வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போகிறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் உடனே, 'போறேன்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்துவார்கள். பிரிவைச் சொல்லும் அந்த வாயாலேயே திரும்பி வருவதையும் சொல்லிவிட வேண்டும் என்பது நம் பண்பாடு.

'விடைபெறுதல்' என்ற நம் சொல்லும் சிந்திக்கத் தக்கது. விடை என்றால் பதில் மட்டுமல்ல, அனுமதியும் ஆகும். ஒருவர் அனுமதி தந்த பிறகே நாம் அவரைப் பிரிகிறோம். ஆங்கிலத்திலும் விடைபெறுவதை 'டேக் லீவ்' என்கிறார்கள். அங்கே 'லீவ்' என்பதற்கும் அனுமதி என்றே பொருள். பள்ளிக்கு நாம் எழுதும் லீவு லெட்டரும் அனுமதிக் கடிதம்தானே? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகளிலும், உறவை உதறிவிட்டு ஓடுவது பிரிவல்ல, உறவின் சம்மதத்தோடு புறப்படுவதே பிரிவு என்ற உணர்வு இருக்கிறது.

மூன்றாம் வகை, பிரிபவரைக் கடவுளிடம் ஒப்படைப்பது. பிரெஞ்சு மொழியின் 'அதியூ', ஸ்பானிய மொழியின் 'அதியோஸ்', இத்தாலிய மொழியின் 'அத்தியோ' ஆகியவற்றுக்கெல்லாம் 'கடவுளிடம்' என்பதே பொருள். அலமாரி, சாவி, ஜன்னல் முதலிய சொற்களை நமக்குத் தந்த போர்த்துக்கீசிய மொழியில் இது 'அதேயுஸ்' ஆகும். 'உன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன்' என்ற வாக்கியத்தின் சுருக்கம் இது. பவேரியா, ஆஸ்திரியா பகுதி மக்கள் இன்றும் பிரியும்போது சொல்லும் வாழ்த்து, 'கடவுள் உன்னைக் காப்பாராக' என்பதன் குறுகிய வடிவமே.

'குட்பை' இந்த மூன்றாம் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்ற இரண்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'நலமாகப் போ' என்பதில் செயல்படுபவர் போகிறவர். 'மீண்டும் சந்திப்போம்' என்பதில் செயல்படுபவர்கள் நாம். 'கடவுள் உங்களோடு இருப்பாராக' என்பதிலோ செயல்படுபவர் கடவுள். போகிறவருக்கு வலிமை இல்லாமல் போகலாம். நாம் மீண்டும் சந்திக்க முடியாமல் போகலாம். அவர் மட்டும் உடன் இருப்பார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இறைவார்த்தைக்குச் செல்வோம்.

விவிலியத்தில் 'உன்னோடு இருக்கிறேன்'

விவிலியத்தில் கடவுள் மனிதருக்குத் தரும் வாக்குறுதிகளில் அடிக்கடி வருவது, 'நான் உன்னோடு இருக்கிறேன்' என்பது. அது பெரும்பாலும் பயணத்தின் தொடக்கத்தில், பிரிவின் வேளையில், அச்சத்தின் நடுவில் சொல்லப்படுகிறது. வீட்டை விட்டு ஓடி, கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த யாக்கோபுக்கு, அவர் செல்லும் இடமெல்லாம் உடனிருந்து காப்பதாக ஆண்டவர் வாக்களிக்கிறார் (தொடக்கநூல் 28:15). பெத்லகேமின் வயலுக்கு வந்த போவாசு, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்றே தம் அறுவடையாளர்களை வாழ்த்துகிறார் (ரூத்து 2:4). வேலைக்களத்தில் ஒரு முதலாளி தம் கூலியாள்களுக்குச் சொன்ன வாழ்த்து இது. நாசரேத்தில் வானதூதர் கபிரியேல் மரியாவிடம் சொன்ன வாழ்த்திலும் இதே உறுதி இருக்கிறது (லூக்கா 1:28).

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பிறக்கவிருக்கும் குழந்தைக்குரிய பெயர் இம்மானுவேல். கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பது அதன் பொருள் (1:23). அதே நற்செய்தியின் கடைசி வசனத்தில், உயிர்த்த ஆண்டவர் உலக முடிவுவரை எந்நாளும் உடனிருப்பதாகச் சீடர்களுக்கு வாக்களிக்கிறார் (28:20). அவர்களை எல்லா மக்களினத்தாரிடமும் அனுப்பும் நேரத்தில் அவர் தரும் வாக்குறுதி இது.

பிரிவின் வேதனையையும் விவிலியம் மறைப்பதில்லை. தோபித்து நூலின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பார்வை இழந்த தோபித்து, தம் ஒரே மகன் தோபியாவைத் தொலைதூரப் பயணத்துக்கு அனுப்புகிறார். துணைக்கு வரும் இளைஞர் யாரென்று அவருக்குத் தெரியாது. கடவுள் அவர்களைப் பாதுகாக்கவும் அவருடைய தூதர் உடன் செல்லவும் வேண்டும் என்று ஆசி கூறி அனுப்புகிறார். தாய் அன்னா அழுகிறார். பணத்தைவிடப் பிள்ளை பெரிதல்லவா என்று கணவரிடம் மன்றாடுகிறார். நல்ல வானதூதர் ஒருவர் அவனுடன் செல்வார், அவன் நலமாகத் திரும்பி வருவான் என்று தோபித்து ஆறுதல் சொல்கிறார். அந்த நேரத்தில் மகனோடு புறப்பட்டவர் வானதூதர் இரபேல்தான் என்பது படிக்கும் நமக்குத் தெரியும், தோபித்துக்குத் தெரியாது. வாயிற்படியில் நின்று அவர் சொன்ன ஆசி ஏற்கெனவே நிறைவேறிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளை விமான நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் விட்டுவிட்டுத் தனியாக வீடு திரும்பும் பெற்றோர் நம் பங்குகளில் எத்தனை பேர்! அவர்கள் அனைவரும் அன்னாவின் கண்ணீரை அறிவார்கள். தோபித்தின் நம்பிக்கையும் அவர்களுக்கு வேண்டும்.

திருத்தூதர் பவுல் மிலேத்துவில் எபேசுத் திருஅவையின் மூப்பர்களிடம் விடைபெறும் காட்சியும் இத்தகையதே (திருத்தூதர் பணிகள் 20:17-38). இனி அவர்கள் தம் முகத்தைக் காணப்போவதில்லை என்று பவுல் வெளிப்படையாகச் சொல்கிறார். மீண்டும் சந்திப்போம் என்ற ஆறுதலை அவரால் தர முடியவில்லை. ஆகவே அவர்களைக் கடவுளிடமும் அவரது அருள்வார்த்தையிடமும் ஒப்படைக்கிறார். எல்லாரும் முழந்தாள்படியிட்டு வேண்டுகிறார்கள், கட்டித் தழுவி அழுகிறார்கள், கப்பல்வரை சென்று வழியனுப்புகிறார்கள். மீண்டும் சந்திக்கும் நம்பிக்கை இல்லாத இடத்திலும் சொல்லக்கூடிய ஒரு பிரிவுச்சொல் உண்டு. அது கடவுளிடம் ஒப்படைக்கும் சொல்.

நம் ஆண்டவரே சிலுவையில் தொங்கியபோது தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தார், தம் உயிரைத் தந்தையின் கைகளில் ஒப்படைத்தார் (யோவான் 19:26-27, லூக்கா 23:46). அவருடைய விடைபெறுதல் முழுவதும் கையளித்தலாகவே இருந்தது.

திருப்பலியின் முடிவில்

'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்ற வாழ்த்தைத் திருப்பலியில் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். இலத்தீனில் இது 'தோமினுஸ் வோபீஸ்கும்' எனப்படும். அதில் 'இருக்கிறார்' என்றோ 'இருப்பாராக' என்றோ வினைச்சொல் இல்லை. 'ஆண்டவர் உங்களோடு' என்பது மட்டுமே உண்டு. ஆகவே அது அறிக்கையாகவும் ஒலிக்கிறது, வேண்டுதலாகவும் ஒலிக்கிறது. தமிழில் நாம் 'இருப்பாராக' என்று வியங்கோளில் சொல்கிறோம். வாழ்த்துவதற்கும் வேண்டுவதற்கும் தமிழ் இலக்கணம் வைத்திருக்கும் வினைமுற்று அது.

திருப்பலியின் தொடக்கத்தில் வரும் இதே வாழ்த்து, முடிவில் இறுதி ஆசிக்கு முன்பும் வருகிறது. பிறகு இலத்தீனில் 'ஈத்தே, மிசா எஸ்த்' என்று சொல்லி மக்களை அனுப்புவார்கள். 'மிசா' என்றால் அனுப்புதல். வழியனுப்பும் அந்தச் சொல்லிலிருந்துதான் வழிபாடு முழுவதற்கும் 'மாஸ்' என்ற ஆங்கிலப் பெயர் வந்தது. 'மிஷன்', 'மிஷனரி' ஆகிய சொற்களுக்கும் அதுவே வேர். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சாக்ரமெந்தும் காரித்தாத்திஸ்' என்ற ஏட்டில் (எண் 51), கலைந்து செல்வதைக் குறித்த இச்சொல் கிறிஸ்தவ வழக்கில் பணிக்கு அனுப்பப்படுவது என்ற ஆழ்ந்த பொருளைப் பெற்றதை விளக்கினார். 2008-இல் நற்செய்தியை அறிவிக்கச் செல்லுமாறும், வாழ்வால் ஆண்டவரை மகிமைப்படுத்துமாறும் சொல்லி அனுப்பும் புதிய வாய்ப்பாடுகளுக்கும் அவர் ஒப்புதல் அளித்தார்.

இறுதி ஆசிக்கு முன்பே செருப்பையும் வண்டிச் சாவியையும் தேடுகிறவர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். திருஅவை நம்மைப் பார்த்து ஞாயிறுதோறும் சொல்லும் 'குட்பை' அது. அதைக் கேட்காமலே புறப்பட்டுவிடலாமா?

இறுதி விடை

இறக்கும் நிலையில் உள்ளவருக்கு நற்கருணையை வழியுணவாகக் கொடுக்கிறோம். இலத்தீனில் இதற்கு 'வியாத்திக்கும்' என்று பெயர். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் பொருளை உரோமையர் அப்படி அழைத்தார்கள்; நம் பேச்சில் சொன்னால் கட்டுச்சோறு. அடக்கச் சடங்கின் இறுதிப் பகுதிக்குப் பெயர் 'இறுதி ஒப்படைப்பும் பிரியாவிடையும்'. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும் (எண் 1690), இறந்தவருக்கு நாம் சொல்லும் பிரியாவிடை அவரைக் கடவுளிடம் ஒப்படைப்பதே என்று கற்பிக்கிறது. இறந்தாலும் நாம் ஒருவரை விட்டு ஒருவர் பிரிவதில்லை, ஒரே இடத்தில் மீண்டும் ஒன்றுசேர்வோம் என்ற தெசலோனிக்கா சிமியோனின் கருத்தையும் அங்கே அது எடுத்தாள்கிறது.

பங்குப்பணியில் அடிக்கடி கேட்கும் ஒரு வேதனையை இங்கே சொல்லியாக வேண்டும். 'கடைசியா அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலையே, சாமி!' 'நான் வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க.' 'அன்னைக்குக் காலைல கோபமாப் பேசிட்டுத்தான் வெளியே போனேன்.' இப்படிச் சொல்லிப் பல ஆண்டுகள் கழித்தும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா பெருந்தொற்றின்போது மருத்துவமனைக்குள் போக முடியாமலும், முகத்தைப் பார்க்க முடியாமலும், அடக்கத்தில் பங்கேற்க முடியாமலும் போன குடும்பங்கள் உலகெங்கும் ஏராளம். சொல்லாத அந்த விடை அவர்கள் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

அவர்களுக்கு இந்தச் சொல்லின் வரலாறு ஓர் ஆறுதலைத் தருகிறது. 'குட்பை' என்பதன் எழுவாய் நாம் அல்ல, கடவுள். நாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோமா, சரியான சொற்களைச் சொன்னோமா என்பதைப் பொறுத்து அவர் உடனிருப்பதில்லை. நாம் போக முடியாத அந்த அறைக்குள் அவர் இருந்தார். நம் வாழ்த்து அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். ஆனால் அது செபமாக இருப்பதால் அதைக் கேட்க வேண்டியவர் கடவுளே. அவருக்கு நேரம் தவறிய செபம் என்று ஒன்றில்லை. எனவே இன்றும் அதைச் சொல்லலாம். கல்லறைத் தோட்டத்தில் நின்றும், திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும் இடத்திலும், 'ஆண்டவரே, இவரை உம்மிடம் ஒப்படைக்கிறேன்' என்று மனத்துக்குள் சொல்வது தாமதமான விடை அல்ல, உண்மையான விடையே.

இதைக் காரணம் காட்டி நம் கடமையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. பொழுது சாயும் முன் சினம் தணிய வேண்டும் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதினார் (4:26). வாசலைத் தாண்டும் முன்பும் அது தணிவது நல்லது. எந்தப் பிரிவு கடைசிப் பிரிவு என்பது நமக்கு முன்கூட்டியே தெரிவதில்லை. 2025 ஏப்ரல் 20, உயிர்ப்புப் பெருவிழா அன்று, உடல் தளர்ந்த நிலையிலும் திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலய மேல்மாடத்துக்கு வந்து, உயிர்ப்பு விழா வாழ்த்துச் சொல்லி, உலகிற்கு ஆசி வழங்கினார். மறுநாள் காலை இறைவனடி சேர்ந்தார். அந்த ஆசியே அவர் மக்களிடம் விடைபெற்ற முறையாக அமைந்தது.

நாம் என்ன செய்யலாம்?

'பை' என்று சொல்வதை விட்டுவிட வேண்டியதில்லை. அதன் உள்ளே இருப்பதை நினைத்துச் சொன்னால் போதும். பிள்ளைகள் பள்ளிக்கோ வேலைக்கோ புறப்படும்போது நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது விட்டுப்போன வீடுகளில் மீண்டும் தொடங்கலாம். அதற்கு ஒரு நொடி போதும். நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது 'சரி, வர்றேன்' என்பதோடு, 'ஆண்டவர் உங்களோட இருப்பார்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். தொலைபேசியில் வெளிநாட்டுப் பிள்ளையிடம் பேசி முடித்த பிறகு, கைப்பேசியைக் கீழே வைக்கும் முன், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு சிறு செபம் செய்யலாம். மனத்தாங்கலோடு பிரிந்து சென்ற உறவினர் இருந்தால், அவரையும் அதே சொல்லால் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் அழைப்பை நாமே விடுக்கலாம்.

'இருப்பாராக' என்று நாம் யாருக்காக வேண்டுகிறோமோ அவர்களோடு இறைவன் இருக்கிறார். நம்மோடும் இருக்கிறார். அவரிடம் ஒருவரையொருவர் ஒப்படைத்தே நாள்தோறும் பிரிவோம். அவரிலேயே மீண்டும் சந்திப்போம்.

ஆண்டவர் உங்கள் அனைவரோடும் இருப்பாராக!